மூன்று நாட்களில் யாழ்ப்பாணத்தைப் பார்த்து முடிக்கலாமா?

அண்மையில் கனடாவிலிருந்து என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். ரொறன்ரோவிற் பிறந்து வளர்ந்தவன், வயது இருபத்தாறு. வந்த அன்றிரவே தன் கைத்தொலைபேசியை என் முன்னே நீட்டி, "மாமா, இதிலை இருக்கிற பன்னிரண்டு இடத்தையும் மூண்டு நாளிலை பார்க்க ஏலுமோ?" என்று கேட்டான். யாழ்ப்பாணக் கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை, கசூரினா கடற்கரை, நயினாதீவு, நெடுந்தீவு, நிலாவரைக் கிணறு, பருத்தித்துறை வெளிச்சவீடு, மணற்காடு, வல்லிபுரம், இவற்றோடு ஓர் ஐஸ்கிறீம் கடை. நான்காம் நாள் அவன் மலைநாட்டுக்குப் புறப்பட வேண்டும்.

முடியும் என்றேன். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் சுமார் ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பளவே உடையது. ஒரு வானை வாடகைக்கு அமர்த்தினால் பன்னிரண்டு இடங்களிலும் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். பெரும்பாலானோர் அவ்வாறுதான் செய்கின்றனர். ஆனால் அவனிடம் நான் கேட்டுக்கொண்டது வேறு: பட்டியலைப் பாதியாக்கு, வானை விட்டுவிடு, துவிச்சக்கரவண்டியிலும் பேருந்திலும் போவோம்.

முப்பது ஆண்டுகளாக இடப்பெயர்வையும் காணாமற் போனோரையும் பற்றி எழுதியவன் உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று இதை வாசிப்போரில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். இத்தனை இழப்புகள் நிகழ்ந்த மண்ணில் வேடிக்கை பார்க்க வருவதும் மகிழ்ந்திருப்பதும் தகுமா? இக்கேள்விக்கு நான் நூல்களிலிருந்து விடை தேடவில்லை, கடலிலிருந்தே தேடினேன்.

கடல் சூழ்ந்த குடாநாட்டிற் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. என் வயதினர் பலருக்கும் தெரியாது. எங்கள் இளமைக் காலத்திற் கடல் என்றால் கடற்படைப் படகும் பீரங்கி வேட்டும்தான். ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டிருந்த 1990களின் முற்பகுதியில் குடாநாட்டை விட்டு வெளியேறக் கிளாலிக் கடல்நீரேரி ஒன்றே வழியாக இருந்தது. இளம் நிருபனாக ஓர் இரவு அவ்வழியே படகிற் சென்றேன். விளக்கு இல்லை, பேச்சு இல்லை, கைக்குழந்தையின் வாயைத் தாய் கையாற் பொத்தியிருந்தாள். அந்த நீரேரியிற் சுட்டுக் கொல்லப்பட்டோர் பலர். அதன்பின் நெடுங்காலம் நீர்ப்பரப்பைக் கண்டாலே என் வயிறு இறுகும்.

இன்று மாலை வேளைகளிற் பண்ணைப் பாலத்தடியில் இளைஞர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கின்றனர். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்திற் குடும்பங்கள் வாகனத்தை நிறுத்திச் சூரியன் மறைவதைப் பார்க்கின்றன. இந்தக் காட்சி இறந்தோருக்குச் செய்யும் துரோகம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பறிக்கப்பட்ட கடல் மீளக் கிடைத்ததன் அடையாளமாகவே அதைக் காண்கிறேன். ஆகவே மகிழ்ச்சியோடு வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எவருடைய கடலில் மகிழ்கிறோம் என்பதை அறிந்து வாருங்கள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே துவிச்சக்கரவண்டிகளிற் புறப்பட்டோம். யாழ்ப்பாணம் மேடு பள்ளமற்ற ஊர். வெயில் ஏறுமுன் மிதிப்பதற்கு இதைவிடச் சுகமான நகர் இலங்கையில் இல்லை. யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பின்னர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. உள்ளே 1706இல் கட்டப்பட்ட தேவாலயம் 1990ஆம் ஆண்டுச் சண்டையோடு இடிபாடாயிற்று. கோட்டை மதிலின் மேல் நடந்தால் ஒருபுறம் நீரேரி, மறுபுறம் நகரம். மாலையிற் சென்றால் இன்னும் நன்று.

அருகிலேயே பொது நூலகம். 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. இன்றைய வெண்ணிறக் கட்டடத்தின் முன் நின்று எல்லோரும் படம் எடுக்கின்றனர். அதற்குள்ளே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அங்கிருந்து சோனகத் தெருப் பக்கமும் மருமகனை அழைத்துச் சென்றேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம் அது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளாற் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் தெருக்கள் அவை. எமக்கு நேர்ந்ததைக் காட்டும் நாம், எம்மிடையே நேர்ந்ததையும் காட்டத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் தீவகம். பேருந்து, பண்ணைத் தாம்போதியில் ஏறி வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகாட்டுவான் துறைக்குச் செல்கிறது. இருபுறமும் கடல் விரியும் அந்தப் பயணமே ஒரு காட்சிதான். நயினாதீவுக்குச் சிறிது நேரப் படகுப் பயணம். நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒரே கரையில் அருகருகே உள்ளன. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்குமரம், பவளக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், புல்வெளியில் திரியும் குதிரைகள் என அங்கு பார்ப்பதற்கு நிறையவே உண்டு. குதிரைகளுக்கு உணவு போடவேண்டாம். துரத்திப் படம் பிடிக்கவும் வேண்டாம். கோடையில் அவை தண்ணீருக்குத் தவிக்கும் பிராணிகள்.

நெடுந்தீவுக்குச் செல்வோரிடம் ஒரு வேண்டுகோள். 1985 மே 15ஆம் திகதி இதே கடலிற் 'குமுதினி' என்ற படகை மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகள் பலரை வெட்டிக் கொன்றனர். அவர்களுக்கான நினைவிடம் அத்தீவில் உண்டு. குதிரைகளைப் பார்க்கப் போகும் வழியில் ஐந்து நிமிடம் அங்கே நின்றுவிட்டுச் செல்லுங்கள். என் மருமகன் நின்றான். "அம்மா இதை எனக்குச் சொல்லவே இல்லை" என்றான். எதை எதைச் சொல்லாமற் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம் என்று அப்போது நானும் எண்ணினேன்.

மூன்றாம் நாள் வடமராட்சி. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி, அதன் பின் வல்வெட்டித்துறை. இங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், இவ்வூர் மாலுமிகளோடு புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தைப்பொங்கலன்று வருவோர் இங்குள்ள பட்டத் திருவிழாவைத் தவறவிடக்கூடாது. வாடைக்காற்றில் ஆளுயரத்தையும் மிஞ்சிய பட்டங்கள் ஏறுகையில், அவற்றிற் பூட்டிய விண்ணின் கூவல் கடற்கரையெங்கும் கேட்கும். பருத்தித்துறையிற் கடல் பார்த்து, மொறுமொறுப்பான வடை வாங்கிக்கொண்டு மணற்காட்டுக்குப் போனோம். மணலிற் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள் வெளியே தெரிகின்றன. மணல் மேட்டில் ஏறிச் சறுக்கிய இருபத்தாறு வயதுக்காரன் ஆறு வயதுப் பிள்ளையானான்.

உணவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எம்மவர் மன்னிக்கமாட்டார்கள். ஒடியற் கூழை உணவகத்திற் குடிப்பதை விட ஒரு வீட்டு முற்றத்திற் குடிப்பதே முறை. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் வேக, சுற்றியிருந்து பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடிக்க வேண்டும். தெரிந்த வீடு இல்லாதோர் திருநெல்வேலியிற் பெண்கள் சமைத்து விற்கும் அம்மாச்சி உணவகத்துக்குச் செல்லலாம். கொடுக்கும் காசு சமைத்த கைகளுக்கே போகிறது. ஆவணியில் வந்தால் பனங்காய்ப் பணியாரம் கிடைக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அக்காலத்தை ஒட்டியே வரும். திருவிழா முடிந்து ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைவது எங்கள் ஊர்ச் சம்பிரதாயம்.

இனி, எங்கே தங்குவது? போர் முடிந்த பின்னர் காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவமும், காரைநகருக்கு அண்மையிலுள்ள கடற்கோட்டையிற் கடற்படையும் விடுதி நடத்தலாயின. அழகான இடங்கள்தாம். ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட மக்களின் காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. முழுமையாக விடுவிக்கக் கோரி மக்கள் போராட வேண்டியிருந்தது. ஆகவே ஓர் இரவுக்கான வாடகையை எவரிடம் கொடுக்கிறோம் என்பது வெறும் வசதி பற்றிய கேள்வியாகாது. ஊரவர் நடத்தும் சிறு விடுதிகளும் வீட்டு அறைகளும் இன்று தாராளமாக உள்ளன. அங்கே தங்குங்கள். ஓர் ஊரவர் சொல்லும் வழியிற் செல்லுங்கள். ஓர் இரவு அதிகமாகவே தங்குங்கள்.

எமது சபைகளுக்கும் சில வார்த்தைகள். 2014 முதல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்டும் வருகிறது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பற் சேவை தொடங்கியது. வருவோருக்கு வழி திறந்தாயிற்று. வந்தவர்களை வரவேற்பது என்ன? உடை மாற்ற ஒழுங்கான இடமில்லாத கடற்கரை, பிளாஸ்ரிக் போத்தல் நிறைந்த மணல், எழுதி வைக்கப்படாத படகு நேரம். கரையோரத்தில் உயிர்காப்பாளர் ஒருவரை நிறுத்துவதும், படகில் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுப்பதும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல. சோளகக் காற்றுக் காலத்தில் தீவகக் கடல் எத்தகையது என்பதை ஊர்ப் பிள்ளைகளே அறிவர். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எவர் சொல்வது? வளைவுகளும் சிலைகளும் எழுப்புவதற்கு முன் இவற்றைச் செய்ய வேண்டும்.

மூன்று நாட்கள் நான்காயின, நான்கு ஐந்தாயின. மலைநாட்டுப் பயணத்தை மருமகன் தானாகவே தள்ளிவைத்தான். ஐந்தாம் நாள் கீரிமலைக்குப் போனோம். கடலுக்கு ஒரு மதிலளவு தூரத்தில் நன்னீர் ஊறும் கேணி. பல ஆண்டுகள் நினைத்தபோது சென்றுவர இயலாதிருந்த இடம். என் தந்தையார் காலமான ஆண்டிலும் ஆடி அமாவாசைக்கு எம்மால் அங்கு செல்ல முடியவில்லை.

கேணிப் படியில் நான் கால் நனைத்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே இறங்கி, "வாங்கோ மாமா, நான் பிடிக்கிறன்" என்றான். கழுத்தளவு நீரில் அவன் கையைப் பிடித்தவாறு சிறிது நேரம் நின்றேன். அடுத்த முறை வரும்போது எனக்கு நீந்தக் கற்றுத்தருவதாக வாக்களித்திருக்கிறான். அதற்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கிழமையாவது நிற்க வேணும் என்றான்.