கடைசி அறையில் ஒரு கொலுப்பொம்மை

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் லிச் என்னும் சாகாத மந்திரவாதியை வில்லனாக வைத்து ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு, அதாவது டிஎம்களுக்கு, நண்பர் ஒருவர் தம் கட்டுரையில் மூன்று கட்டளைகளை அருளியிருக்கிறார். கடைசி அறைவரை அவன் முகத்தைக் காட்டாதே. அவன் தன் ஆன்மாவை அடைத்துவைத்திருக்கும் உயிர்ப்பெட்டகத்தை எவரும் எட்டமுடியாத வேற்றுலகில் ஒளித்துவிடு. அவன் மேதை, ஆகவே ஆட்டக்காரர்களின் திட்டம் எல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். விதிநூலை ஒருமுறை ஒழுங்காகப் படித்தவருக்கு இம்மூன்றும் ஒன்றையொன்று கழுத்தறுப்பது உடனே தெரியும். நண்பர் படங்கள் உள்ள பக்கங்களோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது.

முதல் கட்டளைக்கு வருவோம். எல்லாத் திட்டமும் தெரிந்த மேதை, எதிரிகள் தன் வாசலுக்கு வந்துசேரும்வரை கொலுப்பொம்மையாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பானேன்? 2014-ஆம் ஆண்டின் 'மான்ஸ்டர் மேனுவல்' விதிநூல் தரும் லிச்சின் சேலஞ்ச் ரேட்டிங், அதாவது எதிரியின் வலிமையைச் சொல்லும் எண், 21. ஆனால் உயிர்ப்புள்ளிகள் வெறும் 135, கவச எண் 17. பதினேழாம் நிலையைத் தாண்டிய நான்கு பேர் அவனைச் சுற்றி வளைத்துவிட்டால் எத்தனை சுற்று தாங்குவான்? கண்காணிக்கவும், மறையவும், இன்னொரு உலகத்துக்கே தாவவும் மந்திரங்கள் வைத்திருப்பவனை ஒற்றை அறையில் அடைத்துவிட்டு, 'என் வில்லன் வெல்லமுடியாதவன்' என்று மார்தட்டுவது அட்டைக்கத்தியைத் தீட்டிக் காட்டுகிற வீரம்.

இந்த முதல் கட்டளைக்குச் சாட்சியாக அவர் கூட்டிவருவது 'டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் சாகசம். பாவம், சாட்சி பிறழ்ந்துவிடுகிறது. கேரி கைகாக்ஸ் அதை 1975-இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக உருவாக்கினார். அச்சில் வந்தது 1978-இல். சில மணி நேரத்தில் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளக்கும் போட்டிக்கு எழுதியதை மாதக்கணக்கில் நீளும் கேம்பெய்னுக்கு இலக்கணமாக்குவது எந்த ஊர் நியாயம்? போதாக்குறைக்கு, அங்கே கல்லறையின் சொந்தக்காரனான அசெரெராக் என்னும் லிச் தூசிக்கு நடுவே கிடக்கும் ஒரு மண்டையோடு. தொந்தரவு செய்யாதவரை அசையக்கூட மாட்டான். அந்தச் சாகசத்தில் வில்லன் கல்லறையே தவிர அவனல்ல. முகம் காட்டுகிற வில்லன் மலிந்துபோவான் என்கிறவர், டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதி 1983-இல் 'ரேவன்லாஃப்ட்'டில் படைத்த ஸ்டிராடைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் லிச் அல்ல, மந்திரம் கற்ற இரத்தக்காட்டேரி. ஆனாலும் செத்தும் சாகாதவன்தான். 2016-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்டிராட்'டில் அவன் எதிரிகளைக் கோட்டைக்கு விருந்துக்கே அழைக்கிறான். மலிந்தா போனான்?

இரண்டாம் கட்டளையில்தான் நண்பரின் புலமை முழு வெளிச்சத்துக்கு வருகிறது. பெட்டகத்தை வேற்றுலகில் வீசிவிட்டால் லிச் நிம்மதியாக இருக்கலாமாம். அதே 2014 நூல் சொல்வதைக் கேட்போம்: லிச் அவ்வப்போது அந்தப் பெட்டகத்துக்கு ஆன்மாக்களை ஊட்டியாக வேண்டும், அவற்றைச் சிறைப்பிடிக்கும் மந்திரம் பலிக்க, பெட்டகமும் அவனும் ஒரே உலகத்தில் இருந்தாக வேண்டும். ஊட்டத் தவறினால் உடல் உதிர்ந்து டெமிலிச் என்னும் வெறும் மண்டையோடாகச் சீரழிவான். உடல் அழிந்தாலோ ஒன்று முதல் பத்து நாட்களுக்குள் பெட்டகத்துக்கு ஐந்தடி தூரத்தில் புதிய உடல் முளைக்கும். ஆக, நண்பரின் யோசனையைக் கேட்கிற லிச், ஒவ்வொரு வேளைக்கும் உலகம் விட்டு உலகம் அலைய வேண்டும், அல்லது பட்டினி கிடந்து மண்டையோடாக வேண்டும். இதுவா மேதை? ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்த மந்திரவாதியின் கதையைக் கேட்டு வளர்ந்த எந்தக் குழந்தைக்கும், அந்தக் கிளி கண்டுபிடிக்கப்படுவதற்காகவே கதையில் இருக்கிறது என்று தெரியும். நண்பருக்குத் தெரியவில்லை.

லிச்சின் உண்மையான கொடூரம் இந்தப் பசியில்தான் இருக்கிறது. பசி இருந்தால் இரை வேண்டும்; இரை என்றால் காணாமல்போகும் மனிதர்கள், வாயடைக்கப்பட்ட கிராமம், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அதிகாரியின் வாசலில் நிற்கும் ஒரு தாய். அந்தத் தடயங்களைப் பின்பற்றித்தான் ஆட்டக்காரர்கள் பெட்டகத்தை நெருங்குவார்கள். அவன் முகத்தைப் பார்க்கும் முன்பே அவனை வெறுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

மூன்றாம் கட்டளை இன்னும் சுவையானது. ஆட்டக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குசுகுசுத்துப் போடும் திட்டம் டிஎம்மின் காதில் விழுகிறது. அடுத்த நிமிடம் லிச்சுக்கும் தெரிந்துவிடுகிறது. இது விதிநூல் லிச்சுக்குத் தரும் புத்திக்கூர்மை 20-ஆ, ஒட்டுக்கேட்பா? லிச்சுக்குத் தொலைவிலிருந்தே உளவு பார்க்கும் 'ஸ்க்ரையிங்' மந்திரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை எதிர்த்துப் பகடை உருட்ட ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. மறைந்திருப்பதைக் காணும் கண்ணுள்ளவருக்கு அந்த உளவுக்கண் ஒளிரும் கோளமாகத் தெரியும். மந்திரத்தைக் கலைக்கவும் முடியும். விலைபோன ஊர்க் கணக்கன் ஒருவன் உளவு சொன்னால், அவனைப் பிடித்து உலுக்கலாம், பொய்ச்செய்தி சொல்லியும் அனுப்பலாம். வழியோடு வரும் அறிவை மறிக்கலாம். டிஎம்மின் தலைக்குள்ளிருந்து நேரே சொட்டும் அறிவை எந்த வீரன் மறிப்பான்?

மூன்றையும் கூட்டிப் பார்த்தால் நோக்கம் புலப்படுகிறது. முகம் தெரியாத, உயிர் எட்டாத, எல்லாம் அறிந்த வில்லனுக்கு லிச் என்று பெயர் சூட்டியிருக்கிறாரே ஒழிய, கட்டுரை நெடுகப் பேசுவது அவர் தம்மைப் பற்றித்தான். விதிநூல் அவனுக்குப் பசியையும் பலவீனத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. அவற்றைப் பிடுங்கி எறிபவருக்கு வேண்டியது வில்லன் அல்ல, தாம் தோற்காத ஓர் ஆட்டம். தோற்க மனமில்லாதவர் டிஎம் நாற்காலியை விட்டு இறங்கி ஆட்டக்காரராக உட்காரட்டும். அங்கேயும் பகடை அவர் பேச்சைக் கேட்காது.