எந்த மாதம் நல்ல மாதம்?

ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவுக்குச் செல்வது என்று முடிவாகிவிட்டால், எப்போது செல்வது என்ற கேள்வி எழுவதே இல்லை. நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. ஆகவே பயணமும் டிசம்பரில்தான். ஆனால், குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைச் செலவிடப்போகும் ஒரு பயணத்தைப் பள்ளி நாட்காட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியன்று.

ஆஸ்திரேலியா ஒரு நாடு மட்டுமன்று, ஒரு கண்டமும்கூட. அதன் பரப்பளவு ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீட்டர். வடக்கிலுள்ள டார்வின் நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகை தெற்கே அமைந்துள்ளது. தென்கோடியிலுள்ள ஹோபார்ட் ஏறத்தாழ 43 பாகையில் இருக்கிறது. டார்வினின் புழுக்கம் சிங்கப்பூரை நினைவூட்டும். ஹோபார்ட்டிலோ கோடைக்கால மாலையிலும் குளிர்சட்டை தேவைப்படும். இவ்விரு நகரங்களுக்கும் பொதுவான ஒரு நல்ல மாதம் எப்படி இருக்க முடியும்?

டார்வின் வட்டாரத்தில் பொதுவாக இரண்டே காலங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒன்று மழைக்காலம், மற்றொன்று வறண்ட காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம்; சூறாவளிகள் வருவதும் அப்போதுதான். 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று டிரேசி என்னும் சூறாவளி டார்வின் நகரின் பெரும்பகுதியை அழித்தது. அருகிலுள்ள காக்காடு தேசியப் பூங்காவில் ஜிம் ஜிம் அருவி மழைக்காலத்தில்தான் பெருக்கெடுத்துக் கொட்டும். ஆனால், அதற்குச் செல்லும் பாதை அப்போது வெள்ளத்தால் மூடப்பட்டிருக்கும். அருவியைக் காண விரும்புவோர் சிறிய விமானத்தில் பறந்துதான் பார்க்க வேண்டும். அத்தகைய மழைக்கால அழகை விரும்பி, விவரம் அறிந்தே செல்வோரும் உண்டு. விவரம் அறியாமல் பிள்ளைகளுடனும் தாத்தா பாட்டியுடனும் சென்று இறங்குவோரின் நிலைதான் பரிதாபம்.

கண்டத்தின் நடுவில் நிற்கும் உலுரு பாறையைச் சுற்றி நடப்பது மறக்க முடியாத அனுபவம். கோடையில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்கள் உண்டு. அந்நாள்களில் பாதுகாப்புக்காக நடைபாதைகளின் சில பகுதிகளை முற்பகலிலேயே மூடிவிடுவார்கள். ஜூன் மாதத்திலோ பகலில் 20 பாகை அளவில் இதமாக இருக்கும். இரவில் உறைபனிக் குளிர் அடிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

காக்காடு பகுதியின் பூர்வகுடியினரான பினிஞ், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கின்றனர். தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறுதான். நிலத்தையும் வானத்தையும் கூர்ந்து கவனித்தவர்களின் கணக்கு அது. ‘யெக்கே’ என்னும் பருவம் மே, ஜூன் மாதங்களில் வரும். அப்போது நீர்நிலைகளில் அல்லி மலர்ந்திருக்கும். ஒருவகை யூக்கலிப்டஸ் மரம் பூப்பதைக் கண்டதும், காட்டை ஆங்காங்கே சிறிது சிறிதாக எரித்துப் பின்னர் பெருந்தீ பரவாமல் தடுப்பார்கள்.

ஜூன் விடுமுறையில் முகாமும் துணைப்பாட வகுப்பும் இருக்கின்றன, பெற்றோருக்கும் விடுப்புக் கிடைப்பது கடினம் என்று பலர் கூறுவர். அது உண்மைதான். டிசம்பரை விட்டால் வேறு வழியில்லாத குடும்பம் தெற்கே செல்லலாம். அம்மாதத்தில் ஹோபார்ட்டில் சூரியன் மறைய இரவு ஏறத்தாழ ஒன்பது மணியாகும். ஊர் சுற்றிப் பார்க்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். அங்குள்ள பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை என்பதால் தங்கும் விடுதிகளின் கட்டணம் கூடுதலாக இருக்கும். தென்கிழக்குப் பகுதிகளில் காட்டுத்தீ அபாயமும் உண்டு. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சிட்னி நகரையே புகை சூழ்ந்தது. ஆகவே, புறப்படும் முன் தீ எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. டார்வினையும் உலுருவையும் ஒரு ஜூன் மாதத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.