ரெண்டாவது மெயில் சர்வரா? ஆளை விடுங்க சாமி!

ரெண்டு நாள் முன்னாடி புனேயிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். நம்மளை மாதிரியே பொட்டி தட்டுபவர். அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகச் சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கிறார்கள். "ஒரே ஒரு சர்வர்தான் இருக்கு, பயமா இருக்கு. வீட்டுல பழைய பொட்டி ஒண்ணு சும்மா கெடக்கு, அதை பேக்கப் மெயில் சர்வரா போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். போடாதீங்க என்றேன். கோபித்துக்கொண்டார். போனில் சொல்ல முடியாததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

பொட்டி தட்டாத மக்களுக்குச் சின்ன விளக்கம். உங்கள் டொமைனுக்கு வரும் மெயிலை எந்தப் பொட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பதுதான் எம்எக்ஸ். 1986-ல் ஆர்எஃப்சி 974 சொன்ன ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சின்ன எண்ணுக்கு முதல் மரியாதை. 10 படுத்துவிட்டால் மெயில் 20-க்குப் போகும். அந்த 20 தான் பேக்கப். மெயிலை வாங்கி வைத்திருந்து, 10 எழுந்ததும் தள்ளிவிடும். அவ்வளவுதான். அதற்குள் போய் நீங்கள் மெயில் படிக்க முடியாது. முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

நம்ம சொசைட்டி வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் கடிதத்தைத் திரும்பக் கொண்டுபோவார், மறுபடி வருவார், கடைசியில் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டால்? தபால்காரர் கணக்கில் பட்டுவாடா முடிந்தது. வாட்ச்மேன் மறந்தால் யாருக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது டயல்-அப்தான். கீங்... கீங்... என்று மோடம் அழுது இணைப்பு கிடைக்கும். நாள் முழுக்க லைனில் இல்லாத ஆபீசுக்கு வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டும்தான். இன்றைக்கு அப்படியா?

அனுப்பும் சர்வரே விடாக்கண்டன், அதை மறந்துவிடுகிறோம். 2008-ல் வந்த ஆர்எஃப்சி 5321 என்ன சொல்கிறது? மெயில் போய்ச் சேரவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயற்சி செய், குறைந்தது 4-5 நாள் கைவிடாதே என்கிறது. 2020 அக்டோபர் 12 அன்று மும்பையே இருட்டில் கிடந்தது ஞாபகமிருக்கிறதா? அதுகூட சில மணி நேரக் கதை. உங்கள் சர்வர் ஒரு நாள் படுத்தாலும் மெயில் காணாமல் போகாது, அனுப்பியவர் பக்கத்தில் வரிசையில் நிற்கும். தாமதமாகிறது என்று அவருக்குச் சொல்லிவிடும் மெயில் சேவைகளும் உண்டு.

இனி என் சொந்தக் கதை, சோகக் கதை. மும்பைக்குச் சிகிச்சைக்கு வரும் நம்மூர்க்காரர்களுக்கு ரூம் பார்த்துக் கொடுக்க நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெயில் முகவரி வைத்திருந்தோம். நான்தான் பெரிய இவனாட்டம் தானேயில் ஒரு மூலையில் பேக்கப் போட்டேன். ஸ்பாம் அனுப்புகிறவனுக்கு நம்பர் பெரிய எம்எக்ஸ் என்றால் அல்வா. அங்கே காவல் இருக்காது என்று அவனுக்குத் தெரியும், நேராக அங்கேதான் வருவான். வந்தான். என் பொட்டியும் வந்ததையெல்லாம் வாங்கி முதல் சர்வரில் கொட்டியது. அது கடுப்பாகி, "அப்புறம் வா" என்று ஒதுக்க ஆரம்பித்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை.

ஒரு நாள் அப்டேட்டுக்காக முதல் சர்வர் 40 நிமிஷம் இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் மெயில் போட்டிருக்கிறார். என் பேக்கப் ஜம்மென்று வாங்கிக்கொண்டது. வாங்கிய மெயில் ஸ்பாமோடு ஸ்பாமாக வரிசையிலேயே கிடந்தது. போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான கெடு ஐந்து நாள். ஐந்தாம் நாள் "கொடுக்க முடியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் யாரிடமோ என் நம்பர் வாங்கிப் போன் பண்ணினார்.

"மெயில் போயிடுச்சின்னுதான் அண்ணே நெனச்சோம். அம்மாவை வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல் பிளாட்பாரத்துலயே படுத்துக்கிட்டோம்."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. "அந்த ரெண்டாவது பொட்டி இல்லாம இருந்திருந்தா?" என்று தங்கமணி கேட்டாள். 40 நிமிஷம் கழித்து அவர் மெயில் தானாக வந்து சேர்ந்திருக்கும். நான் போட்ட பாதுகாப்புதான் குழி பறித்தது.

"கூகுள்காரன் வச்சிருக்கானே" என்பீர்கள். 2023-லிருந்து புதிதாகச் சேரும் வொர்க்ஸ்பேஸ்காரர்களை ஒரே ஓர் எம்எக்ஸ் எழுதினால் போதும் என்கிறார்கள். பின்னால் ஏகப்பட்ட பொட்டிகள் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் ஒரே காவல். ரெண்டாவது என்பது முதலாவதுக்குக் கொஞ்சமும் குறையக் கூடாது.

போட்டே தீருவேன் என்றால் குறித்துக்கொள்ளுங்கள்:

1. எந்தெந்த முகவரிகள் உண்மையில் இருக்கின்றன என்ற பட்டியல் பேக்கப்பிலும் இருக்கட்டும் (போஸ்ட்ஃபிக்ஸில் relay_recipient_maps என்பதற்குப் பதில் தமிழில் சொன்னால், 'ரிலே ரெசிப்பியண்ட் மேப்ஸ்'). இல்லாவிட்டால் இல்லாத ஆளுக்கு வந்ததையும் வாங்கி, பிறகு சம்பந்தமில்லாத அப்பாவிக்குத் திருப்பி அனுப்பி, உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும்.

2. முதல் சர்வரில் உள்ள அதே ஸ்பாம் வடிகட்டி இங்கேயும் வேண்டும்.

3. பேக்கப்பின் ஐபியை நம்பும்படி முதல் சர்வரிடம் சொல்லி வையுங்கள். இல்லையேல் எஸ்பிஎஃப் சோதனையில் நல்ல மெயிலும் அடிபடும்.

4. தினமும் வரிசையை ஒரு மனுஷன் பார்க்க வேண்டும். ஆள் இல்லையா? பொட்டியும் வேண்டாம்.

அந்த நேரத்தையும் காசையும் வேறு இடத்தில் போடுங்கள். வந்த மெயில்களுக்கு வேறு ஊரில் தினமும் ஒரு நகல் எடுங்கள். டிஎன்எஸ்ஸை ரெண்டு இடத்தில் வையுங்கள். டொமைன் காலாவதி ஆகாமல் பாருங்கள், அந்த நினைவூட்டல் அதே டொமைன் முகவரிக்கு வருகிற மாதிரி வைக்காதீர்கள். டொமைன் போனால் பத்து எம்எக்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. உதவி கேட்கும் முகவரி என்றால் பக்கத்திலேயே ஒரு போன் நம்பரும் போடுங்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

புனே நண்பரே, இன்னும் கோபம் தீரவில்லை என்றால் மெயில் போடாதீங்க, போன் பண்ணுங்க :-)