முத்திரை இல்லாத முள்



நம் கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். எடைக்கல் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. தவறினால் அபராதம் கட்டுகிறோம், ஆய்வாளரிடம் கை கட்டி நிற்கிறோம். பங்க்கில் டீசல் போடும் மெஷினுக்கும் இதே கதைதான், அதற்கும் முத்திரை உண்டு. ஆனால் அந்த டீசல் நம் வண்டி டேங்க்குக்குள் இறங்கிய பிறகு, எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள்ளுக்கு முத்திரையும் கிடையாது, ஆய்வாளரும் கிடையாது. அந்த முள்ளை நம்பி நான் ஒரு நல்ல டிரைவரை இழந்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழமாசி வீதியில் நமக்கு மளிகை மொத்த வியாபாரம் என்பது பலருக்கும் தெரியும். ஏலக்காய், மிளகு கொள்முதலுக்குப் போடி போய் வருவது வாடிக்கை. மழைக்காலத்தில் எஸ்டேட் பாதைச் சேற்றில் சாதாரண வண்டி நின்றுவிடும் என்பதால், நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்றை 2006-ல் வாங்கினேன். அதை ஓட்டியவர் அதற்கு முன்பே நம்மிடம் 11 வருடம் வேலை பார்த்தவர். கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம், அப்படிப்பட்டவர்.

சாயங்காலம் ஜீப் கடை வாசலுக்கு வந்து நிற்கும்போது முள் அரை டேங்க் காட்டும். காலையில் குடோனில் போய்ப் பார்த்தால் கால் டேங்க்தான் காட்டும். ஒரு நாள் அல்ல, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி. நானும் ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் கடைப் பையன்கள் எல்லோரும் நிற்கும்போதே, "என்னப்பா, ராத்திரி அரை டேங்க், காலையில கால் டேங்க். டீசல் ஆவியாப் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனவர்தான்.

நான்கு மாதம் கழித்து, புது டிரைவருடன் போடியிலிருந்து ஏல மூட்டைகளோடு திரும்புகிறேன். ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கி உசிலம்பட்டிக்கு வருவதற்குள், ராத்திரி 10 மணிக்கு வண்டி நின்றுவிட்டது. முள் கால் டேங்க்கில் இருக்கிறது, டேங்க்கில் சொட்டு இல்லை! வந்த மோட்டார் சைக்கிளை மறித்து டிரைவரை அனுப்பி, கேனில் 5 லிட்டர் வாங்கி ஊற்றினோம். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் வண்டியில் இது ஒரு சங்கடம். பெட்ரோல் வண்டி போல ஊற்றினால் ஓடிவிடாது. டேங்க் காலியானதும் குழாயில் காற்று புகுந்துகொள்ளும், அந்தக் காற்றை வெளியேற்றாமல் நாசிலுக்கு டீசல் போகாது. விடியும்வரை ஏல மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். காலையில் உசிலம்பட்டியிலிருந்து மெக்கானிக் வந்து, கைப்பம்பை அடித்து, நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பிறகுதான் வண்டி உறுமியது.

டேங்க் யூனிட்டைக் கழற்றிக் காட்டினார் அந்த மெக்கானிக். அதற்குள் இருப்பது ஒரு மிதவை, அதைத் தாங்கும் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை உரசிப் போகும் ஒரு மின்தடைச் சுருள், அவ்வளவுதான். டீசல் ஏறி இறங்க மிதவை ஏறி இறங்கும், மின்சாரம் கூடிக் குறையும், முள் அசையும். நம் வண்டியில் கம்பி வளைந்து, மிதவை கால் டேங்க் உயரத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. சுருளும் நடுவில் தேய்ந்திருந்தது.

கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மதுரைக்கு வந்ததும் டேங்க்கை வடித்துவிட்டு, 5 லிட்டர் கேனில் அளந்து அளந்து ஊற்றிப் பார்த்தேன். முதல் 10 லிட்டருக்கு முள் அசையவே இல்லை. அரைக்கும் முக்காலுக்கும் நடுவே 5 லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. கடைசியில்தான் விஷயம் புரிந்தது. கடை வாசல் சமதளம். நம் குடோன் வாசலோ ஏற்றம், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சமதளத்தில் அரை காட்டிய அதே டீசல், குடோன் ஏற்றத்தில் கால் காட்டியது. ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை.

அன்றைக்கே அவர் வீட்டைத் தேடிப் போனேன். காபி கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மொதலாளி, முள்ளு சொன்னதை நம்புனீங்க, பதினொரு வருசம் நான் சொன்னதை நம்பல" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வேலைக்கும் வரவில்லை.

இப்போது புது வண்டிகளில் முள் போய் டிஜிட்டல் கோடுகள் வந்துவிட்டன, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுகூடக் காட்டுகின்றன. பெரும்பாலும் டேங்க்குக்குள் இருப்பது அதே மிதவைதான். மேடு பள்ளம், திருப்பம் எல்லாம் அதை ஏமாற்றும். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் காலியாக ஓட்டுவது இன்னும் ஆபத்து. அவற்றின் பம்பு மிக அதிக அழுத்தத்தில் வேலை செய்வது. அதற்கு மசகே டீசல்தான். டீசல் இல்லாமல் சுற்றினால் பம்பு தேயும், அந்தத் தூள் நாசில் வரை போகும். அடியில் தேங்கிய தண்ணீரும் கசடும் உள்ளே போவதும் டேங்க் வற்றும்போதுதான். 500 ரூபாய்க்கு, 300 ரூபாய்க்கு என்று அன்றாடம் டீசல் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் முதல் எங்கும் மிச்சமாவதாகத் தெரியவில்லை.

முள் ஏமாற்றுவது நம் ஜீப்பில் மட்டும் இல்லை. 1983 ஜூலை 23-ல் ஏர் கனடா விமானம் ஒன்று எரிபொருள் காட்டும் கருவி பழுதான நிலையில் கிளம்பியது. கோல் விட்டு லிட்டரை அளந்தார்கள். கனடா அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டரைக் கிலோ ஆக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் பவுண்டுக்குரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. கேப்டன் பியர்சன் அதைக் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கியபடியே இறக்கினார். இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கடலை எண்ணெயில் 15 லிட்டர் டின்னை 15 கிலோ டின் என்று வாங்கி ஒரு கிலோவுக்கு மேல் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். நம் வண்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு தொங்குகிறது. டேங்க்கை நிரப்பினால் கிலோமீட்டரைக் குறிப்பது, அடுத்து நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. 412 கிலோமீட்டர் ஓடி 34.3 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 12. இந்தக் கணக்கு மூன்று நான்கு முறை தொடர்ந்து இறங்கினால்தான் கேள்வியே. அதுவும் முதலில் மெக்கானிக்கிடம், பிறகுதான் டிரைவரிடம். முள் கால் டேங்க்குக்கு வருமுன் நிரப்பிவிட வேண்டும் என்பதும் நம் கடைச் சட்டம். பங்க்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் கேனில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். 25 மில்லி வரை கூடக்குறைய இருக்க அனுமதி உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம், தராசைச் சரிபார்க்கும் வாடிக்கையாளரை நாம் கோபித்துக்கொள்கிறோமா? (கோபித்துக்கொள்பவர்களும் நம்மில் உண்டு, அது வேறு கட்டுரை.)

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் பேச வைத்தால் நல்லது. அன்று நம் டிரைவர்களையும் அழைத்து, நமக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். எந்த வண்டியின் முள் எங்கே பொய் சொல்லும் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.