எம்.எல்.ஏ.விடம் கம்பத்தைப் பற்றிக் கேளுங்கள்

அன்புள்ள வேதாரண்யம் வட்டாரத்து மக்களுக்கு,

புயல் அடித்த மறுநாள், தார்ப்பாயும் அரிசி மூட்டையும் ஏற்றிய லாரிக்கு முன்னால் வருகிறவர்தான் எம்.எல்.ஏ. என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது. வந்தாரா, எத்தனை மணிக்கு வந்தார், எந்தத் தெருவோடு திரும்பிவிட்டார் என்று அடுத்த தேர்தல் வரை பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் லாரி திரும்பிப் போன பிறகு அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை ஒருவர் செய்ததை இங்கே பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தின் வடகோடியில், அமரில்லோ என்ற ஊரில். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி, மாட்டுப் பண்ணை, ஓயாத காற்று. 2024 பிப்ரவரி 26ஆம் தேதி, இங்கிருந்து வடக்கே ஸ்டின்னட் என்ற சிற்றூர்ப் பக்கம் உளுத்துப்போன மர மின்கம்பம் ஒன்று காற்றில் முறிந்தது. கம்பி காய்ந்த புல்லில் விழுந்தது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. டெக்சஸ் கண்டதிலேயே பெரிய தீ அதுதான். மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. வேலிகளும் வீடுகளும் போயின, மனித உயிர்களும் போயின. இதில் கொடுமை என்னவென்றால், தீ பிடிப்பதற்குச் சில வாரம் முன்பே ஆட்கள் வந்து சோதித்து, உடனே மாற்ற வேண்டும் என்று அடையாளம் போட்டுவிட்டுப் போன கம்பம் அது.

எரிந்த பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கென் கிங். எண்ணெய் வயல் தொழிலில் இருப்பவர், ஆளும் ரிபப்ளிகன் கட்சிக்காரர். சுற்றுச்சூழல் போராளி என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். கீழவை அமைத்த ஐந்து பேர் விசாரணைக் குழுவுக்கு அவர் தலைவரானார். அவரையும் சேர்த்துக் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர்தான். மற்ற இருவர் இந்தப் பக்கத்துப் பொதுமக்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பம்பா என்ற ஊருக்கே வந்து உட்கார்ந்து, மூன்று நாள் சாட்சியம் கேட்டார்கள். பண்ணைக்காரர்கள் பேசினார்கள், தீயணைப்பு வீரர்கள் பேசினார்கள், மின் நிறுவனத்து ஆட்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மே 1ஆம் தேதி அறிக்கை வந்துவிட்டது. தீக்குக் காரணம் கம்பம், கம்பங்களைச் சோதித்து மாற்றுகிறார்களா என்று கண்காணிக்கச் சரியான ஏற்பாடில்லை, தீயணைப்பு விமானங்கள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள்.

இந்த மாநிலச் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடும், அதுவும் 140 நாள். அதனால் 2025 வரை காத்திருந்து கிங் மசோதா கொண்டுவந்தார். கம்பங்களை எப்படிச் சோதிப்போம், எப்படி மாற்றுவோம் என்று மின் நிறுவனங்கள் திட்டம் வகுத்து ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம்.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2021 பிப்ரவரியில் பனி கொட்டி இந்த மாநிலம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். குளிரைத் தாங்கும்படி மின் நிலையங்களையும் எரிவாயு நிலையங்களையும் தயார்செய்ய வேண்டும் என்று அந்த வருஷமே சட்டம் போட்டார்கள். எரிவாயுவைக் கவனிக்கும் ஆணையம் விதி எழுதியபோது, 150 டாலர் கட்டி விண்ணப்பித்தால் விலக்குக் கேட்கலாம் என்று ஓட்டை விட்டது. செப்டம்பரில் மேலவையான செனட்டின் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தது. நவம்பரில் விதி இறுகியது. மசோதாவுக்குக் கை தூக்கியதை விட இந்த வறுத்தெடுத்தல்தான் பெரிய வேலை என்பேன்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் கரையில் ஏறியது. தென்னை போனதைப் போலவே கரண்டு போஸ்டும் போனது. மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து லட்சத்துக்கு மேல். வெளி மாவட்டத்து வயர்மேன்கள் சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவசரத்தில் நட்ட கம்பத்துக்குக் குழி எவ்வளவு ஆழம், அடியில் காங்கிரீட் போட்டார்களா, ஸ்டே கம்பி கட்டினார்களா, அதற்குப் பிறகு யார் வந்து பார்த்தார்கள்? சட்டமன்றத்தில் யாராவது கேட்டிருக்கலாம். கேட்டாரா இல்லையா என்று நமக்கு யாரும் சொன்னதுமில்லை, நாம் விசாரித்ததுமில்லை.

கேட்க வழி இல்லாமல் இல்லை. கேள்வி நேரம் இருக்கிறது, கவன ஈர்ப்புத் தீர்மானம் இருக்கிறது, மின்துறை மானியக் கோரிக்கை வருஷா வருஷம் வருகிறது. மாவட்டத்துக்கே வந்து மனு வாங்கும் மனுக்கள் குழு இருக்கிறது. நம் மன்றம் சோடையும் அல்ல. டெல்டாவில் புது ஹைட்ரோகார்பன் கிணறு தோண்டக் கூடாது என்று 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேற்றிய மன்றம்தான் அது. பழைய கிணறுகளை விட்டுவிட்டார்கள் என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆனாலும் வருஷக்கணக்கில் நம் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்ததால் வந்த சட்டம் அது.

‘ஆளுங்கட்சிக்காரராக இருந்தால் எப்படித் தன் அரசாங்கத்தையே கேட்பார்’ என்பீர்கள். கிங்கும் ஆளுங்கட்சிதான். கம்பத்தின் ஆழத்தைக் கேட்பது எந்தக் கட்சிக்கும் எதிரான பேச்சாகாது.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால். அதற்குள் இளைஞர்கள் தெருத் தெருவாகப் போய், சாய்ந்த கம்பம், வெடித்த கம்பம், தாழத் தொங்கும் கம்பி எல்லாவற்றையும் கம்ப எண்ணோடு எழுதுங்கள், போட்டோ எடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஒரு நகல் ஈ.பி. உதவிப் பொறியாளருக்கு, ஒரு நகல் எம்.எல்.ஏ.வுக்கு. எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும்போது, ‘இதைச் சட்டமன்றத்தில் கேட்டு, அமைச்சர் சொன்ன பதிலை எங்களுக்கு எழுத்தில் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். பதில் வந்ததா என்று பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நான் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப்பிள்ளை,
அமரில்லோ, டெக்சஸ்