டிக்கெட் எடுப்பவர் ஒருவர், பெட்டி கட்டுபவர் இன்னொருவர்

தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறை என்று ஊருக்குப் போகும் பேச்சு வந்துவிட்டால், எங்கள் அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி, “டிக்கெட் எவ்வளவுக்குக் கிடைத்தது?” என்பதுதான். “எத்தனை கிலோ?” என்று ஒருவர் கேட்டால், அவர் முகப்பில் நின்று ஒருமுறையாவது கூடுதல் எடைக்குப் பணம் கட்டியவராக இருப்பார்.

என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். மலிவுக் கட்டண விமானங்களின் ஆகக் குறைந்த விலையில் பெரும்பாலும் பெட்டி சேராது. கையில் எடுத்துச் செல்வது மட்டுமே சேரும். ஸ்கூட்டின் சாதாரண வகுப்பில் கைப்பையும் சிறுபையும் சேர்த்து 10 கிலோ. ஏர்ஏஷியாவில் இரண்டும் சேர்த்து 7 கிலோ. பெட்டி வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. 25 அல்லது 30 கிலோ சேர்ந்த டிக்கெட்டோடு இதை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பெட்டிக் கட்டணத்தையும் கூட்டிய பிறகு எது மலிவு என்று பாருங்கள்.

ஆனால் நம் குடும்பங்களில் நான் காணும் சிக்கல் விலையைவிடப் பெரியது. டிக்கெட் எடுப்பவர் ஒருவர், பெட்டி கட்டுபவர் இன்னொருவர். மகனோ மகளோ இங்கே கைப்பேசியில் டிக்கெட் எடுக்கிறார்கள். எத்தனை கிலோ என்ற விவரம் அவர்களுடைய மின்னஞ்சலுக்கு வருகிறது. ஊரில் பெட்டி கட்டும் அம்மாவுக்குப் போய்ச் சேர்வது தேதியும் நேரமும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு விமான நிலையம் ஒன்றில், வரிசையில் எனக்கு முன்னால் வயதான தம்பதி நின்றார்கள். சிங்கப்பூரில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெட்டி 8 கிலோ கூடுதல். ஐயா மகளை அழைத்துப் பார்த்தார். நள்ளிரவு தாண்டிய நேரம், யாரும் எடுக்கவில்லை. அம்மா எல்லார் முன்னிலையிலும் தரையில் பெட்டியைத் திறந்தார். நல்லெண்ணெய், நெய், பிரசவ லேகியம், ஊறுகாய், வடகம். லேகிய டப்பாவைக் கைப்பைக்கு மாற்றப் போனார். “அம்மா, அதைச் சோதனையில் எடுத்துடுவாங்க” என்றார் ஊழியர். கடைசியில் அவர் வெளியே எடுத்து வைத்தது தம்முடைய சேலைகளை. வழியனுப்ப வந்தவரிடம் அவற்றைக் கொடுத்தனுப்பிவிட்டு, மகளுக்கான பொருள்களோடு விமானம் ஏறினார்.

அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஓர் எண் மட்டும்தான்.

அந்த எண்ணைப் பார்க்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். முதலாவது, அது மொத்த எடையா, பெட்டிக்கான எடையா? இந்தியா, மலேசியா போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் மொத்த எடைக் கணக்கு. 30 கிலோவை இரண்டு பெட்டிகளாகவும் பிரித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பயணத்தில் பெட்டிக் கணக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாதாரண வகுப்பில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 23 கிலோ. ஒன்றில் 28, மற்றதில் 18 என்று வைத்தால், மொத்தம் சரியாக இருந்தாலும் அந்த 28க்குக் கூடுதல் கட்டணம் உண்டு. படிக்கப் போகும் பிள்ளைகள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, வழியில் விமானம் மாறுகிறீர்களா? சென்னை வரை 25 கிலோ இருந்தாலும், அங்கிருந்து மதுரைக்குத் தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான் இருக்கும். மீதி 10 கிலோவுக்குச் சென்னையில் பணம் கட்ட வேண்டிவரும்.

மூன்றாவது, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். 32 கிலோவைத் தாண்டிய பெட்டியைப் பணம் கட்டினாலும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதைத் தூக்குபவர்களுக்கும் முதுகு இருக்கிறது. பெட்டியின் சொந்த எடையும் கணக்கில் சேரும். பெரிய பெட்டி என்றால் 4, 5 கிலோ அதிலேயே போய்விடும்.

எடை கூடிவிட்டால் கைப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்போம். எல்லாவற்றையும் மாற்ற முடியாது. நெய், தேன், ஊறுகாய், லேகியம் போன்றவை பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனைக் கைப்பையில் விடமாட்டார்கள். பாட்டில் பாதி காலியாக இருந்தாலும் அதன் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். கொப்பரையை எதிலுமே வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

பவர் பேங்க் விஷயம் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் வகை ஏறத்தாழ 74 வாட்-மணி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவோ அதற்கு மின்னேற்றவோ கூடாது. கைப்பை கனமாக இருக்கிறதென்று கடைசி நேரத்தில் கீழே அனுப்பச் சொன்னால், பவர் பேங்கையும் மாத்திரைகளையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை போடுவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வீட்டுத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் பெட்டியின் எடை. ஒரு கிலோ குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

டிக்கெட் எடுத்த அன்றே பெற்றோருக்குத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். நான் என் வீட்டுக்கு அனுப்புவது இப்படி இருக்கும்:

“பெட்டி 20 கிலோ, காலிப் பெட்டியின் எடையும் சேர்த்து. கைப்பை 7 கிலோ. ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் பெட்டியில். பாஸ்போர்ட், நகை, மாத்திரை, பவர் பேங்க் கைப்பையில். கொப்பரை வேண்டாம்.”

எண்களை உங்கள் டிக்கெட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அம்மா அதைத் தாளில் எழுதிப் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது.

கூடுதல் கிலோவை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் விமான நிலையத்தில் கட்டுவதைவிட மிகவும் குறைவு. ஆகவே, பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்குமுன் ஊருக்கு அழைத்து, “என்னென்னம்மா கொண்டு வரப் போறீங்க?” என்று கேட்டுவிடுங்கள்.

“ஒண்ணுமில்லப்பா, ரெண்டு சேலைதான்” என்பார். 10 கிலோ கூட்டிப் போடுங்கள்.