கொழுப்பு ஏற்றிய மார்பில் கட்டி தெரிந்தால்

கீரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புற்றுநோய்க்காக மார்பின் ஒரு பகுதியை எடுத்தபின், வயிற்றுக் கொழுப்பை ஊசியால் ஏற்றி அந்தக் குழியை நிரப்பினார்களாம். இப்போது மமோகிராம் அறிக்கையில் 'கல்சியம் படிவு' என்று இருக்கிறதாம். நோய் திரும்பிவிட்டதோ என்று இரவில் நித்திரையில்லை என்கிறார்.

அந்த ஒரு சொல்லை வைத்து அப்படி நினைக்க வேண்டாம், சகோதரி. ஏற்றிய கொழுப்புக்குப் புதிய இடத்தில் இரத்தவோட்டம் கிடைக்க வேண்டும். கிடைக்காத பகுதி இறந்து எண்ணெயாகிவிடும். உடல் அதைச் சுற்றி மெல்லிய உறை கட்டும். இதுதான் எண்ணெய்க்கட்டி. காலம் செல்ல உறையில் கல்சியம் படிந்து, படத்தில் முட்டைக்கோது போல வெள்ளை வளையமாகத் தெரியும். இது புற்றுநோயாக மாறுவதில்லை.

எல்லாப் படிவும் இப்படித் தெளிவாக இராது. சிலவேளை பொடிப்பொடியாக ஓரிடத்தில் கூடியிருக்கும். புற்றுநோயும் அப்படித் தெரிவதுண்டு. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான், மார்பைப் பெரிதாக்கக் கொழுப்பு ஏற்றுவதை 1987இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கம் எதிர்த்தது. 2009இல்தான் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. இன்று படம் பார்க்கும் வைத்தியர்கள் பெரும்பாலும் இரண்டையும் பிரித்தறிகிறார்கள். சந்தேகமிருந்தால் ஸ்கான் செய்து, ஊசியால் சிறு துண்டெடுத்துப் பரிசோதிப்பார்கள். அதற்கு மறுக்காதீர்கள். கையில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், 'ஏற்றிய கொழுப்புத்தானே' என்று வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம்.

கொழுப்பு எப்போது, எந்தப் பக்கம், எத்தனை தரம் ஏற்றப்பட்டது என்று வைத்தியருக்குத் தெரிய வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ பஸ் ஏறும்போது கிளினிக் கொப்பியும் பழைய படங்களும் பையில் இருக்கட்டும். இடம்பெயர்வில் எத்தனையோ கடதாசிகளைத் தொலைத்தவர்கள் நாம். இவற்றைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

சத்திரசிகிச்சை செய்யாத சகோதரிகளுக்கும் ஒரு விடயம். மார்பில் பலமாக அடிபட்டாலும், செல் துண்டு பட்டாலும், கொழுப்பு இறந்து இதே கட்டி வரலாம். அந்த நாளைப் பற்றிப் பேசப் பலருக்கு விருப்பமிராது. முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை, 'இந்த இடத்தில் காயம்பட்டது' என்றால் போதும். ஆனால் எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால், உடலில் எங்கு உலோகத் துண்டு இருந்தாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். மமோகிராமுக்கும் சாதாரண ஸ்கானுக்கும் அந்தப் பயமில்லை.